கட்டிவைத்த கம்பி

சூப்பர்வைசர்: ...எழுந்திரிக்காத, எழுந்திரிக்காத. அப்படியே படுத்திரு. நான் என்ன கலெக்டரா?

வாயாடி: படுத்துப் படுத்து முதுகு மெத்தையோட ஒட்டிப்போச்சு அண்ணா. உட்கார்ந்துக்கறேன். அந்தத் தலையணைய மட்டும் கொஞ்சம் தூக்கி... ஆங், போதும்.

சூப்பர்வைசர்: உறையப் பாரு. ஓரமெல்லாம் சுருக்கு. எந்த லாண்டரிக்காரன் தேய்ச்சானோ!

வாயாடி: வந்த அன்னிக்கே பார்த்துட்டேன். வலியில கத்திக்கிட்டே பார்த்தேன். நம்ம இஸ்திரி ரோலர்ல போயிருந்தா இப்படி வருமா?

சூப்பர்வைசர்: ம்... வராது.

வாயாடி: ஏன் அண்ணா முகம் சுண்டிப்போச்சு? ரோலர்னு சொன்னதுக்கா? என் கையத் தின்னுட்டு, அது பேர நான் சொல்லக் கூடாதாமா?

சூப்பர்வைசர்: சொல்லு, சொல்லு. உன் வாய யாரு கட்ட முடியும்? லாண்டரி பூரா உன்ன வாயாடின்னு கூப்பிடுதுன்னா, பேரு வெச்சவன் நான்ல!

வாயாடி: பேரு மட்டும்தான் வெச்சீங்க. வந்து பார்க்கத்தான் ஆறு நாளாச்சு.

சூப்பர்வைசர்: வேலை... ஆளில்ல... உனக்கே தெரியுமே.

அம்மா: வாங்க சார், வாங்க! எப்ப வந்தீங்க? நான் குழாயடிக்குப் போயிருந்தேன். பாப்பா, சாருக்கு ஸ்டூல் எடுத்துப் போடச் சொல்றதில்லையா?

சூப்பர்வைசர்: இருக்கட்டும்மா, நின்னே பழக்கம்.

அம்மா: நீங்க மட்டும் அன்னிக்கு ஓடிவந்து மெஷின நிறுத்தலன்னா... முழங்கை வரைக்கும் போயிருக்குமாம் சார். டாக்டரே சொன்னாரு. பெத்தவ நான், பக்கத்துல இல்ல. நீங்கதான் தூக்கிட்டு வந்து சேர்த்தீங்க. சட்டையெல்லாம் ரத்தமாமே! காலத்துக்கும் மறக்க மாட்டேன் சார்.

சூப்பர்வைசர்: அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா... யாரா இருந்தாலும் செஞ்சிருப்பாங்க.

அம்மா: யாரும் செய்ய மாட்டாங்க சார். வேலை குடுத்தவங்க வேலையத்தான் பார்ப்பாங்க. நீங்க கூடப்பிறந்தவன் மாதிரி...

வாயாடி: அம்மா, போதும். அண்ணா முகத்தப் பாரு, அழுதுடுவாரு போல. நீ போய் மருந்துச் சீட்டுக்கு வரிசையில நில்லு. கவுண்ட்டர் மூடிடுவான்.

அம்மா: இதோ போறேன். சார், நான் வர்றதுக்குள்ள கிளம்பிடாதீங்க.

சூப்பர்வைசர்: ...நல்ல அம்மா.

வாயாடி: ரொம்ப நல்ல அம்மா. அதான் பயமா இருக்கு.

சூப்பர்வைசர்: என்ன பயம்?

வாயாடி: ஒண்ணுமில்ல. அந்தப் பையில என்ன? ஆரஞ்சா?

சூப்பர்வைசர்: ஆரஞ்சுதான். உரிச்சுத் தரட்டா?

வாயாடி: உரிச்சாத்தான் உண்டு. ஒத்தக் கையால வாழைப்பழம் கூட உரிக்க வராது, தெரியுமா? பல்லால கடிச்சு... குரங்கு தோத்துடும்.

சூப்பர்வைசர்: டாக்டர் என்ன சொல்றாரு? கட்டு எப்ப பிரிப்பாங்க?

வாயாடி: பிரிச்சு மறுபடி கட்டினாங்களே, முந்தாநாள். நீங்க கேள்விப்படலையா?

சூப்பர்வைசர்: இல்ல... யாரும் சொல்லல.

வாயாடி: ரெண்டு எடுத்துட்டாங்க அண்ணா.

சூப்பர்வைசர்: ரெண்டு... என்ன ரெண்டு?

வாயாடி: விரல்தான். சுண்டு விரலும் மோதிர விரலும். இனிமே எட்டு வரைக்கும்தான் எண்ணணும். அதுக்கு மேல வந்தா உங்ககிட்ட கடன் வாங்கிக்கறேன். சிரிங்க. சிரிக்கத்தானே சொன்னேன். ஆரஞ்ச இப்படி நசுக்குறீங்களே, சாறெல்லாம் பேண்ட்ல.

சூப்பர்வைசர்: நான் வந்தேன்.

வாயாடி: என்ன?

சூப்பர்வைசர்: ஆறு நாளா வரலன்னு சொன்னியே. ரெண்டு தடவ வந்தேன். கீழ, மரத்தடியில ஒரு பெஞ்சு இருக்கு பாரு, அதுல உட்கார்ந்தேன். பழம் வாங்கிட்டு வந்தேன். மாடிப்படி ஏறக் கால் வரல. நானே உரிச்சுத் தின்னுட்டுப் போயிட்டேன்.

வாயாடி: எனக்கு வாங்கினதையா?

சூப்பர்வைசர்: ரெண்டு தடவையும்.

வாயாடி: அடப்பாவி அண்ணா! ...சரி விடுங்க. இன்னிக்குக் கால் எப்படி வந்துச்சு? அதுவும் இஸ்திரி போட்ட சட்டையில? பதினாலு மாசமாப் பார்க்குறேன், லாண்டரிக்குள்ளயே நீங்க ஒருத்தர்தான் கசங்கின சட்டை.

சூப்பர்வைசர்: மேனேஜர் போயிட்டு வரச் சொன்னாரு.

வாயாடி: ஓ.

சூப்பர்வைசர்: அதாவது... நானே வரணும்னுதான் இருந்தேன். அவரும் சொன்னாரு.

வாயாடி: ம். என் மெஷின்ல யாரு நிக்கறா?

சூப்பர்வைசர்: புதுசா ஒரு பொண்ணு. மூணு நாளாச்சு. ஒண்ணும் தெரியல. ஈரத்துணிய உதறக் கூடத் தெரியல.

வாயாடி: கம்பி?

சூப்பர்வைசர்: கம்பியா?

வாயாடி: கம்பி கட்டியிருக்கா, அவுத்திருக்கான்னு கேட்டேன்.

சூப்பர்வைசர்: அவுத்தாச்சு. உன்னக் கொண்டு வந்து சேர்த்துட்டுத் திரும்பிப் போறதுக்குள்ள கட்ட அறுத்து எடுத்துட்டாங்க. மஞ்சப் பெயிண்ட் கூட அடிச்சாச்சு. பளிச்சுனு இருக்கு.

வாயாடி: அப்ப நிமிஷத்துக்கு ஒருதடவ நிக்குமே?

சூப்பர்வைசர்: நிக்குது.

வாயாடி: எண்ணிக்கை?

சூப்பர்வைசர்: பாதிதான் வருது.

வாயாடி: மேனேஜர் கத்தலையா?

சூப்பர்வைசர்: யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

வாயாடி: பாருங்களேன்! எனக்கு அன்னிக்கு எத்தன கேள்வி! "கை என்ன தூங்குதா? மத்த மேசையெல்லாம் எப்படி ஓடுது?"... அம்மா கேட்டாங்க அண்ணா, அது என்னடி கம்பின்னு. ரோலர் வாய்க்கு முன்னாடி குறுக்கால ஒரு கம்பி இருக்கும்மா, விரல் பட்டா மெஷின் டக்குனு நிக்கும்னு சொன்னேன். "அப்ப உன் விரல் பட்டப்ப ஏன் நிக்கல?"ன்னாங்க.

சூப்பர்வைசர்: நீ என்ன சொன்ன?

வாயாடி: தூக்கம் வருதுன்னு சொன்னேன்.

சூப்பர்வைசர்: நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு.

வாயாடி: எந்த இன்ஸ்பெக்டர்?

சூப்பர்வைசர்: தொழிற்சாலை இன்ஸ்பெக்டர். மெஷினப் பார்ப்பாரு. அப்புறம் இங்க வருவாரு. உன்கிட்டயும் கேப்பாரு.

வாயாடி: என்ன கேப்பாரு?

சூப்பர்வைசர்: அம்மா கேட்டதுதான்.

வாயாடி: தூக்கம் வருதுன்னு அவர்கிட்ட சொல்ல முடியாதே.

சூப்பர்வைசர்: முடியாது... இன்னொரு சுளை?

வாயாடி: வேணாம். அண்ணா, வேலைக்கு எடுத்த அன்னிக்கு மேனேஜர் என்னக் கேட்டாரே, ஞாபகம் இருக்கா? நீங்களும் பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்க.

சூப்பர்வைசர்: "எங்ககிட்ட என்ன எதிர்பார்க்குற?"

வாயாடி: ஒரு ஸ்டூல்னு சொன்னேன்.

சூப்பர்வைசர்: எல்லாரும் சிரிச்சோம்.

வாயாடி: நீங்கதான் சத்தமா. நான் நெசமாத்தான் கேட்டேன். அதுக்கு முன்னாடி துணிக்கடையில ரெண்டு வருஷம் நின்னே காலெல்லாம் நரம்பு சுருட்டிக்கிச்சு. அப்புறம் அவர் ஒரு பட்டியல் வாசிச்சாரு. நாங்க உன்கிட்ட என்ன எதிர்பார்க்குறோம் தெரியுமான்னு. நேரத்துக்கு வரணும். எதிர்த்துப் பேசக் கூடாது. அடிக்கடி போன் பார்க்கக் கூடாது. மூணு மாசத்துல ஓடிடக் கூடாது. இந்தக் கம்பெனிய உன் குடும்பமா நினைக்கணும்.

சூப்பர்வைசர்: எல்லாருக்கும் வாசிக்கறதுதான்.

வாயாடி: நான் எதுல தவறினேன்? எதிர்த்துப் பேசினது ஒண்ணுதான்.

சூப்பர்வைசர்: நீ பேசினது எதிர்ப்பே இல்ல. அது சும்மா இரைச்சல். உனக்கு முன்னாடி இருந்தவதான்... ஒரு வார்த்த பேசாம, ஒருநாள் டிபன் டப்பாவக் கூட எடுக்காமப் போயிட்டா. அப்பவும் நான், இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஒட்டாதுன்னு பேசிக்கிட்டுத் திரிஞ்சேன்.

வாயாடி: எதுக்குப் போனா?

சூப்பர்வைசர்: பாத்ரூம் போயிட்டு வரக் கொஞ்சம் நேரமாச்சு. நாலு பேரு முன்னாடி கேட்டுட்டேன், உள்ள என்ன குடித்தனமா நடத்துறன்னு.

வாயாடி: அண்ணா!

சூப்பர்வைசர்: ஆமா. நான்தான். மேனேஜர் என் தலையில ஏறுவாரு, நான் கீழ இருக்கறவங்க தலையில ஏறுவேன். இருபத்திரண்டு வருஷமா இதத்தான் வேலைன்னு செஞ்சிருக்கேன்.

வாயாடி: என்ன அப்படிக் கேட்டதில்லையே?

சூப்பர்வைசர்: உன்னக் கேட்டா நீ பதிலுக்கு நாலு கேப்ப. அந்தப் பயம்.

வாயாடி: சும்மா சொல்லாதீங்க. அப்புறம் வேற ஏதாவது சேதி இருக்கா? வந்ததுல இருந்து சட்டைப் பைய மூணு தடவ தொட்டுப் பார்த்துட்டீங்க.

சூப்பர்வைசர்: நல்ல சேதிதான். கை ஆறினதும் நீ மறுபடி வரலாம். மெஷினுக்கு இல்ல. ஆபீஸ்ல. போன் எடுக்கற வேலை. ஓட்டல்காரங்க கூப்பிடுவாங்க, எத்தன படுக்கை விரிப்பு, எத்தன துண்டுன்னு எழுதிக்கணும். உட்கார்ந்தே பார்க்கலாம். நாற்காலி கூட சுழல்ற நாற்காலி.

வாயாடி: முழுக் கையோட கேட்டேன், ஸ்டூல் கிடைக்கல. ரெண்டு விரலக் குடுத்தா சுழல் நாற்காலி.

சூப்பர்வைசர்: அப்படிப் பேசாத.

வாயாடி: வேற எப்படிப் பேச? சும்மாவா குடுக்கறாங்க? எதுல எழுதணும்?

சூப்பர்வைசர்: ...எழுத வேணாம். டைப் அடிச்சிருக்கு. கைநாட்டு வெச்சாப் போதும். வலது கை கட்டுப் போட்டிருக்கறதால இடது பெருவிரல். மை டப்பா குடுத்து அனுப்பியிருக்காரு.

வாயாடி: எடுங்க.

சூப்பர்வைசர்: நீ சங்கடப்பட்டா...

வாயாடி: எடுங்க அண்ணா. படிங்க. சத்தமாப் படிங்க.

சூப்பர்வைசர்: கண்ணாடி கொண்டு வரல.

வாயாடி: நெத்தியில இருக்கு.

சூப்பர்வைசர்: ..."ஆகவே, மேற்படி இயந்திரத்தின் தடுப்புக் கம்பியை, வேலையை விரைவில் முடிக்கும் பொருட்டு, மேற்பார்வையாளரின் அறிவுறுத்தலை மீறி, நானே என் சொந்த விருப்பத்தின் பேரில் துணியால் கட்டிவைத்தேன் என்றும், இந்த விபத்துக்கு வேறு எவரும்..."

வாயாடி: நிறுத்திட்டீங்களே.

சூப்பர்வைசர்: வேறு எவரும் பொறுப்பல்ல. அவ்வளவுதான்.

வாயாடி: நல்லா எழுதியிருக்காங்க. யாரு எழுதினது?

சூப்பர்வைசர்: ஆபீஸ்ல.

வாயாடி: எல்லாமேவா?

சூப்பர்வைசர்: ...அறிவுறுத்தலை மீறிங்கறத நான் சேர்க்கச் சொன்னேன்.

வாயாடி: நீங்களா?

சூப்பர்வைசர்: மேனேஜர் கேட்டாரு, நீ பாதுகாப்பு பத்தி அந்தப் பொண்ணுக்குச் சொன்னியா இல்லையான்னு. சொன்னேன்னு சொல்லிட்டேன். அப்ப அதையும் சேர்த்துடலாமான்னாரு. சேருங்கன்னேன். பக்கத்துலயே நின்னேன், டைப் அடிச்சு முடிக்கற வரைக்கும். எழுத்துப்பிழை ஒண்ணு இருந்துச்சு. அதையும் திருத்தினேன்.

வாயாடி: ...தண்ணி குடுங்க அண்ணா.

சூப்பர்வைசர்: இந்தா. மெதுவா.

வாயாடி: போதும்.

சூப்பர்வைசர்: திட்டு. ஏதாவது சொல்லு. உனக்குத்தான் நல்லா வருமே.

வாயாடி: என்ன சொல்ல?

சூப்பர்வைசர்: கம்பியக் கட்டினது யாருன்னு உனக்குத் தெரியுமா?

வாயாடி: தெரியும்.

சூப்பர்வைசர்: எப்படி? நீ வர்றதுக்கு முன்னாடியே கட்டிட்டேனே!

வாயாடி: முடிச்சப் பார்த்தேன். அழுக்கு மூட்டைக்கு நீங்க போடற முடிச்சு. ரெட்டையா மடக்கி, உள்ள இழுத்துச் சொருகி... லாண்டரில அத வேற யாருக்கும் போட வராது. அவுக்கவும் வராது.

சூப்பர்வைசர்: தெரிஞ்சே மூணு நாள் நின்னியா, அந்த மெஷின்ல?

வாயாடி: நின்னேன்.

சூப்பர்வைசர்: என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே?

வாயாடி: கேட்டா அவுத்திருவீங்களே. முந்தின நாள் வரைக்கும் முந்நூறு துணி போடவே நாக்குத் தள்ளும். அன்னிக்கு நானூத்தி இருபது. மேனேஜர் எல்லார் முன்னாடியும் கை தட்டினாரு. வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட சொல்லிச் சொல்லிப் பீத்திக்கிட்டேன். யாரு கட்டினாங்க, எதுக்குக் கட்டினாங்கன்னு யோசிக்கவே பிடிக்கல. என் கை வேகம்தான்னு நம்பிக்கிட்டேன்.

சூப்பர்வைசர்: உனக்காகத்தான் கட்டினேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கறேன். மாசக் கடைசிக்குள்ள எண்ணிக்கை ஏறலன்னா உன்ன அனுப்பிடுன்னாரு மேனேஜர். கம்பிதான் சார் தொல்லை, துணி மடிஞ்சு பட்டாக் கூட நின்னுடுதுன்னேன். "ஏதாவது பண்ணு"ன்னாரு. கட்டுன்னு சொல்லல. இந்த ஆறு நாளா யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன், அவர் வாயில அந்த வார்த்தை வரவே இல்ல. ஏதாவது பண்ணு. அவ்வளவுதான். பண்ணது என் கை.

வாயாடி: அவங்களுக்கு என்ன அண்ணா, வார்த்தையக் கூட சிக்கனமா வெச்சுக்கத் தெரியுது. நமக்குத்தான் வாய்.

சூப்பர்வைசர்: உனக்காகன்னா உன்கிட்ட சொல்லிட்டுல்ல கட்டியிருக்கணும்? விடிஞ்சதும் முதல் ஆளா வந்து, சுத்திமுத்திப் பார்த்துட்டு, கிழிஞ்ச துண்டு ஒண்ணத் தேடி... திருடன் மாதிரி. உன்ன அனுப்பினா புதுசா ஒருத்திக்கு மறுபடி முதல்ல இருந்து சொல்லிக் குடுக்கணுமேங்கற சலிப்பும் அதுல இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன்.

வாயாடி: போதும் அண்ணா. சொன்ன வரைக்கும் போதும்.

சூப்பர்வைசர்: இல்ல. இந்தக் காகிதம் வேணாம்.

வாயாடி: ஐயோ, என்ன பண்றீங்க? கிழிக்காதீங்க! அண்ணா!

சூப்பர்வைசர்: கிழிச்சாச்சு. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்ததும் நானே முன்னால போய்ச் சொல்றேன். கட்டினது நான். ஏதாவது பண்ணுன்னு சொன்னது மேனேஜர். ரெண்டையும் சொல்றேன்.

வாயாடி: வேலை போயிடும். கேஸ் கூடப் போடுவாங்க. அவசரப்படாதீங்க. மேனேஜர் நான் சொல்லவே இல்லன்னு கைய விரிச்சிடுவாரு. யாரு சாட்சி?

சூப்பர்வைசர்: நீ இருக்க.

வாயாடி: நானா?

சூப்பர்வைசர்: ஏதாவது பண்ணுன்னு அவர் சொன்னப்ப நீ கதவுகிட்டதானே நின்ன? கேட்டிருப்ப.

வாயாடி: கேட்டேன்.

சூப்பர்வைசர்: அப்புறம் என்ன? நீயும் நானும் ஒண்ணாச் சொன்னா யாரால என்ன பண்ண முடியும்? ஆறு நாளா எத்தன பேரு உன்னக் கேட்டிருப்பாங்க. டாக்டரு, பெத்த அம்மா... ஒருத்தர்கிட்டயும் என் பேர நீ எடுக்கல. அந்த முடிச்சத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டும் எடுக்கல. நான் என்னடான்னா உன் தலையில கட்டக் காகிதத்தத் தூக்கிட்டு, சட்டையத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு... உன் முன்னாடி உட்காரவே கூசுது.

வாயாடி: அப்படியெல்லாம் சொல்லாதீங்க.

சூப்பர்வைசர்: உள்ளதத்தான் சொல்றேன். என் வயசுல பாதி இல்ல நீ.

வாயாடி: சொல்லாதீங்கன்னா சொல்லாதீங்க!

அம்மா: என்னடி சத்தம்? கோவிச்சுக்காதீங்க சார், வலியில இப்படித்தான் எரிஞ்சு விழறா. பாதி மருந்து இல்லன்னுட்டான், நாளைக்கு வரணுமாம். என்ன சார் இது, கீழ பூரா காகிதத் துண்டு?

சூப்பர்வைசர்: ஒண்ணுமில்லம்மா, நான் பொறுக்கிடறேன். பாப்பாவப் பத்திக் கவலப்படாதீங்க. நல்லபடியா ஆயிடும்.

அம்மா: உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும். நேத்து மேனேஜர் சாரும் இதையேதான் சொன்னாரு. ஆபீஸ்ல நாற்காலி வேலை, கவலையே வேணாம்னு.

சூப்பர்வைசர்: நேத்தா? மேனேஜர் இங்க வந்தாரா?

அம்மா: ஏன் சார், உங்களுக்குத் தெரியாதா? பெரிய பழக்கூடையோட வந்தாரே. அரை மணி நேரம் பக்கத்துலயே உட்கார்ந்து பேசிட்டு...

வாயாடி: அம்மா. கீழ கடையில சாருக்கு டீ வாங்கிட்டு வா.

அம்மா: சொல்லிக்கிட்டிருக்கேன்ல...

வாயாடி: அப்புறம் சொல்லலாம். போம்மா. தயவுசெஞ்சு போ.

அம்மா: போறேன்டி, போறேன். ஏன் இப்படி விரட்டுற?

சூப்பர்வைசர்: ...காலையில காகிதத்த என் கையில குடுத்தப்ப, நேத்து இங்க வந்ததப் பத்தி அவர் மூச்சு விடலையே. எதுக்கு வந்தாரு?

வாயாடி: கூடையக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். ஒரு பழத்தக் கூடத் தொடல, சத்தியமா.

சூப்பர்வைசர்: எதுக்கு வந்தாரும்மா?

வாயாடி: அவரும் ஒரு காகிதம் கொண்டு வந்தாரு.

சூப்பர்வைசர்: இதே காகிதமா?

வாயாடி: இதே மாதிரிதான். கையில ரெண்டு இருந்தா நாளைக்கு எது தோதோ அத நீட்டிக்கலாம்ல. "நானே"ன்னு வர்ற எடத்துல மட்டும் வேற ஆளு.

சூப்பர்வைசர்: ...யாரு?

வாயாடி: ரெண்டு தடவ படிச்சுக் காட்டினாரு அண்ணா. உங்க பேரு வர்றப்பல்லாம் நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டேன்... விரல மட்டும் நீட்டினேன்.